குனியாதே

என் கணவர் பத்ரிநாராயணன் முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். அப்படிப்பட்டவர் காதில் விழும்படி டாக்டர், "இடுப்பு தொண்ணூறு டிகிரிக்கு மேல மடங்கக் கூடாது" என்று சொல்லியிருக்கவே வேண்டாம். சொல்லிவிட்டார். இடது இடுப்பு மூட்டை மாற்றி வைத்த ஆபரேஷன் முடிந்து, ஆஸ்பத்திரியிலிருந்து தாம்பரம் பக்கத்துச் சேலையூர் வீட்டுக்கு வந்து என்னைக் கட்டிலில் படுக்க வைத்த கையோடு, இவர் ஸ்டூல் போட்டு ஏறிப் பரணைக் குடைய ஆரம்பித்தார். இறங்கியபோது கையில் ஒரு கோணமானி. சின்னப் பிள்ளைகளின் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்குமே, அது இல்லை. கரும்பலகையில் வைத்து வரைகிற பெரிய மரக் கோணமானி. ரிட்டயர் ஆன அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் ஆசையாகக் கொடுத்து அனுப்பினார்களாம்.

அன்றிலிருந்து நான் உட்கார்ந்தால் பக்கவாட்டில் கோணமானி வரும். முதுகுக்கும் தொடைக்கும் நடுவில் உள்ள கோணம் தொண்ணூறுக்குக் கீழே இறங்கக் கூடாது. "நூத்திப் பன்னெண்டு. பேஷ்." பிளாஸ்டிக் நாற்காலி உயரம் போதவில்லை என்று இரண்டு நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். சோபா பக்கம் நான் தலைவைத்துப் பார்க்கக்கூடாது. டாய்லெட்டில் உயரமான பிளாஸ்டிக் சீட் மாட்டினார். அதையும் அளந்தார். விட்டால் உள்ளேயே வந்து அளந்திருப்பார்.

நான் கிண்டல் செய்கிறேன் என்பதால் எனக்குப் பயம் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். எனக்குப் பயம்தான். வாழ்க்கையில் இவ்வளவு பயந்ததில்லை. ஆபரேஷனுக்குக்கூட இவ்வளவு பயப்படவில்லை. அதில் நாம் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, மயக்க மருந்து கொடுத்துவிடுகிறார்கள். அதற்கப்புறம்தான் கஷ்டம். கால் மேல் கால் போடாதே, இடது பாதத்தை உள்பக்கம் திருப்பாதே, ஒருக்களித்துப் படுத்தால் தொடைகளுக்கு நடுவே தலையணை, திரும்ப வேண்டுமானால் உடம்போடு சேர்ந்து திரும்பு. அறுபத்தாறு வருஷமாக யோசிக்காமல் செய்த காரியத்தையெல்லாம் யோசித்துச் செய்ய வேண்டும். தூக்கத்தில் யார் யோசிப்பது?

எல்லாப் பயத்துக்கும் காரணம் டெனிஸ். வாரம் மூன்று நாள் சாயங்காலம் வந்து நடைப்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பிசியோதெரபிஸ்ட். நல்ல பையன், இரண்டு குழந்தைகளுக்கு அப்பா. "கழண்டு போனா எப்படித் தெரியும்?" என்று நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டேன்.

"டக்குனு ஒரு சத்தம் கேக்கும் ஆன்ட்டி. அப்புறம் காலை ஊன முடியாது. ஒரு கால் குட்டையாத் தெரியும். திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் உள்ள தள்ளணும். சில பேருக்கு மறுபடி ஆபரேஷன்."

டக். அந்த இரண்டெழுத்துச் சத்தம் என் காதில் குடியேறிவிட்டது. சுவர்க்கடிகாரம், சுவிட்ச், குக்கர் மூடி, எது சத்தம் போட்டாலும் என் கை இடுப்புக்குப் போகும்.

இன்னொன்றும் டெனிஸ் சொல்லிக்கொடுத்தான். கீழே விழுந்த பொருளை எடுக்கிற முறை. "அசையாத ஏதாவது ஒண்ணைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க. வாக்கரைப் பிடிக்காதீங்க, சரிஞ்சிடும். ஆபரேஷன் பண்ண காலை நீட்டி நேரா பின்னால தள்ளிடுங்க. நல்ல கால் முட்டியை மடக்கி மெதுவா இறங்குங்க. அப்ப அந்த இடுப்பு மடங்காது." அவனே செய்து காட்டினான். ஒரு காலைப் பின்னால் நீட்டி, கொக்கு மாதிரி சாய்ந்து தரையிலிருந்து கைக்குட்டையை எடுத்தான்.

"நீங்க ஒரு தடவை பண்ணுங்க ஆன்ட்டி. நான் பிடிச்சுக்கறேன்."

"மாட்டேன்" என்றேன். "நான் எதுக்கு எடுக்கணும்? எடுத்துக் கொடுக்கத்தான் இவர் இருக்காரே."

உண்மைதான், இருந்தார். என் கையிலிருந்து ஒரு கொண்டை ஊசி நழுவினால்கூட, வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் "குனியாதே!" என்று ஒரு குரல் வரும். பின்னாலேயே ஆள் வருவார். ஒரு நாளைக்கு நாற்பது குனியாதே. பெண் மிருதுளா பெங்களூரிலிருந்து வந்து இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகும்போது, "அம்மா, அப்பாவுக்கு வேற வார்த்தையே மறந்துபோச்சு" என்று சிரித்தாள்.

ஆபரேஷன் முடிந்து இருபத்தாறாவது நாள். காலையில் வேலைக்கு வருகிற ரோஸி ரவை உப்புமா கிளறி வைத்து, பாத்திரம் தேய்த்து, பத்தரைக்குக் கிளம்பிவிட்டாள். அடுத்த தெருவில் இன்னொரு வீடு அவளுக்கு. இவர் வழக்கம்போல வாசல் கிரில் கதவைப் பூட்டினார். சாவி அவர் பூணூலில் முடிந்திருக்கும். வீட்டுச் சாவியைப் பூணூலில் கட்டிக்கொள்வது என் மாமனார் காலத்திலிருந்து வருகிற பழக்கம். அசிங்கமாக இருக்கிறது என்று கல்யாணமான புதிதில் ஒரு தடவை சொன்னேன். தொலையாது பார் என்றார். நாற்பது வருஷமாகத் தொலையவில்லைதான்.

"டிபன் ஆச்சா?" என்று படுக்கையிலிருந்து கேட்டேன்.

"ஆச்சு ஆச்சு" என்றார் ஹாலிலிருந்து.

பதினொன்றே முக்காலுக்கு எழுந்தேன். அதாவது, எழுந்திருக்கிற சடங்கைத் தொடங்கினேன். முழங்கைகளை ஊன்றி, காலைச் சேர்த்து நகர்த்தி, கட்டில் விளிம்புக்கு வந்து, இடது காலை முன்னால் நீட்டி, வாக்கரைப் பிடித்து நின்றேன். ஜன்னல் ஓரம் இருக்கிற இரட்டை நாற்காலிக்கு ஆறு அடி. இவர் கோணமானியோடு வந்து நின்றார். பனியன் முழுக்க நனைந்திருந்தது. மே மாதம் தாம்பரத்தில் யாருக்குத்தான் வேர்க்காது என்று நினைத்தேன்.

நான் இன்னும் உட்காரவில்லை. நின்றுகொண்டுதான் இருந்தேன். இவர் கோணமானியை என் இடுப்புப் பக்கம் வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அறுபது" என்றார்.

"என்னது?"

"அறுபது. இல்ல... எழுபதா? சரி, போறும். போறும்."

நிற்கிற மனுஷியின் இடுப்பு நேர்கோடு. நூற்றெண்பது. இருபத்தாறு நாளாக இவரிடம் பாடம் கேட்ட எனக்கே அது தெரியும். கணக்கில் இவர் தப்பு பண்ணி நான் பார்த்ததே இல்லை. பால்காரன் கணக்கிலிருந்து பஞ்சாங்கம் வரைக்கும் ஊருக்கே தப்பு கண்டுபிடிக்கிறவர்.

"ஏன்னா, என்ன பண்றது உங்களுக்கு?"

கண் என்னைப் பார்த்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. கோணமானி கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. பின்னாலேயே அவரும் ஜன்னலுக்குக் கீழே சுவரில் முதுகு உரசியபடி இறங்கினார். விழவில்லை, இறங்கினார். கட்டில் காலுக்கும் சுவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"ஏன்னா!"

என் கண் தானாகச் சுவரில் போய் நின்றது. தினசரி காலண்டர். தேதிக்குக் கீழே சின்ன எழுத்தில் ஏகாதசி.

எனக்குப் புரிந்துவிட்டது. முழுக்கப் புரிந்துவிட்டது. ஏகாதசியன்று இவர் சாதம் சாப்பிட மாட்டார், பலகாரம் சாப்பிடுவார். சர்க்கரை வியாதி வந்த பிறகு முழுப் பட்டினி கிடையாது என்று டாக்டர் என் எதிரில்தான் சத்தியம் வாங்கினார். ஆனால் போன வாரம் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, "ஒனக்குக் கால் நன்னாகணும்னு பெருமாள்கிட்ட ஒண்ணு சொல்லியிருக்கேன்" என்றார். என்னவென்று கேட்டதற்குச் சொல்லவில்லை. நானும் திருப்பதிக்கு வருவதாக வேண்டிக்கொண்டிருப்பார் என்று விட்டுவிட்டேன். வேண்டிக்கொண்டது ஏகாதசிக்கு முழுப் பட்டினி.

வாக்கரைத் தள்ளிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். வாக்கர், இடது கால், வலது கால். வாக்கர், இடது கால், வலது கால். பதினாறு அடி. ஓட வேண்டிய நேரத்தில் இந்தக் கல்யாண ஊர்வல நடை. வாக்கரில் தொங்குகிற துணிப்பையில் என் போன் இருந்தது. நடந்துகொண்டே 108-க்குப் பேசினேன். விலாசம் சொன்னேன். கேம்ப் ரோடில் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள், அதையும் சொன்னேன். அடுத்து ரோஸிக்கு.

"ரோஸி, ஐயா மயக்கமா விழுந்துட்டார், ஓடி வா!"

சமையலறை மேடையில் உப்புமா மூடியபடி இருந்தது. திறந்து பார்த்தேன். கரண்டி படவில்லை. பக்கத்தில் சர்க்கரை மாத்திரை அட்டை, இன்றைக்கு உள்ள குழி காலி. மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்திருக்கிறார். மாத்திரை ஆகாரத்தில் சேர்த்தி இல்லையாம்! முப்பத்தொரு வருஷம் கணக்கு வாத்தியார், இந்தக் கணக்கு தெரியவில்லை. ஆத்திரத்தில் எனக்கு அழுகை வந்தது. அழுவதற்கும் நேரம் இல்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை இப்படி ஆகியிருக்கிறது. சர்க்கரை இறங்கிவிட்டால் இனிப்பு உள்ளே போயாக வேண்டும், முழுசாக நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறும், தேனைக் கன்னத்தின் உள்பக்கம் தடவு என்று அப்போது டாக்டர் சொன்னார். பெருமாள் அலமாரியில் திருமஞ்சனத்துக்கு வாங்கிய தேன் பாட்டில் இருந்தது. பையில் போட்டேன். ரசம் கலக்குகிற நீளக் கரண்டியையும் போட்டேன். திரும்பவும் பதினாறு அடி.

திரும்பி வந்தபோது அவர் இன்னும் சரிந்திருந்தார். தலை என் முழங்காலுக்கும் கீழே இருந்தது. கட்டில் கால் தடுத்ததால் முழுக்கப் படுக்கவில்லை. மூச்சு வந்தது. ஆனால் குறட்டை மாதிரி ஒரு சத்தத்தோடு வந்தது, அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

கரண்டியில் தேனை விட்டு நின்றபடியே நீட்டினேன். தேன் மீசையில் வழிந்தது, மோவாயில் வழிந்தது, பனியனில் வழிந்தது. பல் மூடியிருந்தது. உதட்டை விலக்க விரல் வேண்டும். கரண்டிக்கு விரல் இல்லை.

"ஏன்னா, வாயைத் திறங்கோ. சாவித்ரி சொல்றேன், திறங்கோ!"

தலைக்கு மேலே விமானப்படை ஸ்டேஷனிலிருந்து கிளம்பிய விமானம் ஒன்று வீட்டை அதிரவைத்துக்கொண்டு போனது. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.

குனிய வேண்டும். வேறு வழியே இல்லை.

அந்த நேரம் என் மனசில் என்ன ஓடியது என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். புருஷன் உயிர் போகிறது, ஒரு வினாடி தயங்காமல் பாய்ந்தேன் என்று எழுத ஆசைதான். பாயவில்லை. தயங்கினேன். டக் என்று ஒரு சத்தம் வந்தால் நானும் கீழே விழுவேன், அவர் மேலேயே விழுவேன், கிரில் பூட்டியிருக்கிறது, சாவி பூணூலில் இருக்கிறது, 108 வந்து வாசலில் நிற்கும், இரண்டு பேரும் உள்ளே கிடப்போம். ரோஸி வரட்டும் என்று நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கால் நிமிஷம் இருக்கும். அந்தக் கால் நிமிஷத்துக்காக இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"யம்மா! யம்மோவ்!" வாசலில் ரோஸி கிரில்லைப் பிடித்து ஆட்டினாள். "இன்னாமா, பூட்டிக்கீது! சாவி எங்க கீது?"

"அவர் பூணூல்ல!"

"அய்யோ ஏசப்பா!"

அடுத்த நிமிஷம் பக்கச் சந்து வழியாக ஓடிவந்து ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது. ஜன்னல் திட்டு உயரம் அதிகம். கம்பி வழியே கையை விட்டால் அவர் தலைக்கு எட்டவில்லை. எட்டிப் பார்த்துவிட்டு வாயில் அடித்துக்கொண்டாள்.

"ரோஸி, என் கையைப் பிடிச்சுக்கோ. என்ன ஆனாலும் விடாதே."

திறந்த தேன் பாட்டிலைக் கை எட்டும்படி கட்டில் விளிம்பில் வைத்தேன். வாக்கரைத் தள்ளிவிட்டு, வலது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்தேன். வெளியிலிருந்து ரோஸியின் இரண்டு கையும் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தன. பாத்திரம் தேய்த்த ஈரம் அந்தக் கையில் இன்னும் இருந்தது.

"உடமாட்டேன், நீ எறங்குமா."

ஆபரேஷன் காலைப் பின்னால் தள்ளு. தள்ளினேன். அது என் கால்தானா என்று சந்தேகமாக இருந்தது. நல்ல கால் முட்டியை மடக்கு. மடக்கினேன். இடது கை ஆட்காட்டி விரலைத் தேனில் முக்கி, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினேன். அவர் நெற்றி தெரிந்தது. திருமண் வேர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

டக்.

தெளிவாகக் கேட்டது. ரோஸிக்கும் கேட்டது. "இன்னாமா அது?" என்றாள்.

போயிற்று. இவ்வளவு நாள் காத்ததெல்லாம் போயிற்று. வலி இனிமேல்தான் வரும் என்று நினைத்தேன். அது வருவதற்குள் முடித்துவிட வேண்டும். விரலால் அவர் உதட்டை விலக்கிக் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே தேனைத் தடவினேன். இடது கை. ஆசாரம் பார்க்கிற மனுஷனின் வாயில், ஏகாதசியன்று, இடது கையால். மறுபடி முக்கி மறுபடி தடவினேன். மூன்றாவது தடவை நாக்கு அசைந்தது. ஐந்தாவது தடவை முழுங்கினார்.

"சாப்டுறாரும்மா! இன்னும் குடு, இன்னும் குடு!"

எத்தனை தடவை என்று எண்ணவில்லை. வலது முட்டி கடகடவென்று ஆடத் தொடங்கியது. என் மணிக்கட்டு ரோஸியின் பிடியில் மரத்துப்போனது. அப்போது அவர் கண்ணைத் திறந்தார். என் முகம் அவர் முகத்துக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில் இருந்தது. என்னை அடையாளம் தெரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தெரிந்ததும் தேன் ஒட்டிய உதடு மெதுவாக அசைந்தது.

"குனியாதே, சாவித்ரி."

நான் ஓவென்று அழுதேன்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ரோஸி கம்பி வழியாகவே என்னை மேலே இழுத்து நிமிர்த்தினாள். இவர் நடுங்கும் விரலால் பூணூலிலிருந்து சாவியை அவிழ்க்கப் பார்த்தார், முடிச்சு வரவில்லை. பூணூலைக் கழற்றலாமா என்று அந்த நிலைமையிலும் யோசித்தார். நான் போட்ட சத்தத்தில் முடிச்சு தானாக அவிழ்ந்தது. சாவியைத் தலைக்கு மேலே தூக்கினார், நான் வாங்கி ரோஸியிடம் நீட்டினேன். அவள் சுற்றி ஓடி உள்ளே வந்து சர்க்கரைத் தண்ணீர் கலக்கி அவர் வாயில் வைத்தாள். ஏகாதசி என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. வந்திருந்தால் தெரியும் சேதி.

நான் மட்டும் ஜன்னல் கம்பியை விடவில்லை. இடது காலைத் தரையில் வைக்க எனக்குத் தைரியம் இல்லை.

"வந்து குந்தும்மா" என்றாள் ரோஸி.

"என் இடுப்பு போயிடுத்து ரோஸி. சத்தம் கேட்டதே, நீயும் கேட்டியே."

அவள் என் காலைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். பிறகு கீழே உட்கார்ந்து, என் வலது செருப்புக்கு அடியிலிருந்து எதையோ உருவினாள்.

"இதாம்மா ஒடஞ்சிகீது."

கோணமானி. சுவரோரம் சாய்ந்து கிடந்த அதன் மேல் நான் முழு பாரத்தையும் ஊன்றியிருக்கிறேன். இரண்டாக ஒடிந்திருந்தது. நேராகக்கூட ஒடியவில்லை, ஒரு பக்கம் பெரிசு, ஒரு பக்கம் சிறிசு.

108-ல் வந்தவர்கள் விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை அறுபத்திரண்டு. தேனும் தண்ணீரும் போன பிறகு அறுபத்திரண்டு என்றால் அதற்கு முன்னால் என்னவாக இருந்ததோ. அந்த மாத்திரை திரும்பவும் இறக்கிவிடும் என்று அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க வைத்துப் பார்த்து மறுநாள்தான் விட்டார்கள். அந்த ராத்திரி ரோஸி என்னோடு தங்கினாள்.

டெனிஸ் வந்தபோது நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் என்னைப் படுக்க வைத்து இரண்டு குதிகாலையும் சேர்த்துப் பார்த்தான். மெதுவாகத் தூக்கினான், இறக்கினான். எதற்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துடலாம் என்றான். எடுத்தோம். மூட்டு வைத்த இடத்திலேயே இருந்தது.

இவர் இப்போது வேளாவேளைக்குச் சாப்பிடுகிறார். நான் எதிரில் உட்கார்ந்து, கடைசிக் கவளம் வரை பார்க்கிறேன். அடுத்த அறையில் அவர் சத்தம் ஐந்து நிமிஷம் கேட்கவில்லை என்றால், "ஏன்னா!" என்று கத்துகிறேன். அவர் என்னைப் பார்த்துக் குனியாதே என்கிறார். வீட்டில் இப்போது இரண்டு பேரும் பயப்படுகிறோம்.

கோணமானியை ஒட்டி வைக்கலாம் என்று பசை வாங்கி வந்தவர், ஒட்டாமலே அலமாரியில் வைத்துவிட்டார். நேற்று அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, "அன்னிக்கு எத்தனை டிகிரி குனிஞ்சே?" என்று கேட்டார்.

எனக்கு என்ன தெரியும்? அளக்க வேண்டியவர் தரையில் கிடந்தார்.